எரிந்த தெருவில் பொறுக்கிய கலை

(பஞ்சாலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று பஞ்சப்படியைப் பற்றியோ கூலி உயர்வைப் பற்றியோ நாம் பேசப் போவதில்லை. ஒரு சிற்பியைப் பற்றிப் பேசப் போகிறோம். அமெரிக்காவில் வாழ்ந்த கறுப்பினச் சிற்பி அவர். பெயர் நோவா ப்யூரிஃபாய். அவர் கல்லைச் செதுக்கவில்லை, வெண்கலம் வார்க்கவில்லை. எரிந்துபோன கட்டை, நசுங்கிய தகரம், உடைந்த சைக்கிள், கழற்றி எறிந்த கக்கூஸ் பீங்கான் ஆகியவற்றைப் பொறுக்கி வந்து, ஆணி அடித்து, கம்பியால் கட்டி, ஒன்றோடொன்று பொருத்திச் சிற்பம் செய்தார். இந்த வகைக் கலைக்கு அந்தத் தேசங்களில் 'அசெம்பிளேஜ்' என்று பெயர். கிடைத்ததைச் சேர்த்துப் பூட்டுவது என்று நாம் புரிந்து கொண்டால் போதும்.

"குப்பையைக் கூட்டி வைத்தால் கலையா?" என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். பணக்காரன் தன் மாளிகைக் கூடத்தில் ஒரு துருப்பிடித்த இரும்பை நிறுத்தி வைத்து லட்சக்கணக்கில் விலை சொன்னால் உழைக்கிறவனுக்கு வயிறு எரியத்தான் செய்யும். நம் தோழர்களில் சிலர் இன்னும் ஒரு படி மேலே போய், உருவம் தெரியாத கலை எல்லாமே முதலாளித்துவச் சீரழிவு என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். அந்தத் தீர்ப்பு நமக்குச் சம்மதமில்லை. ஏன் சம்மதமில்லை என்பதை இந்த மனிதரின் வாழ்க்கையைக் கொண்டே சொல்கிறோம்.

முதலில் குப்பை என்றால் என்ன? அதை யார் முடிவு செய்கிறார்கள்? மில்லில் கழிவுப் பஞ்சு என்று ஒதுக்குகிறார்கள். ஒதுக்கியதை மூட்டை கட்டி விலை பேசி விற்கிறார்கள். ஆனால் அதில் ஒரு கைப்பிடியை மடியில் வைத்துக்கொண்டு தொழிலாளி கேட்டைத் தாண்டினால் திருட்டு என்று வேலை போய்விடும். ஆகவே ஒரு பொருள் குப்பையா சரக்கா என்பது பொருளைப் பொறுத்த விஷயம் மட்டுமல்ல. அது யார் கையில் இருக்கிறது என்பதையும் பொறுத்தது. மனிதர்கள் விஷயமும் இப்படித்தான். ப்யூரிஃபாய் பிறந்த சீமையில் ஒரு ஜனத்தையே கழிவு என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள்.

அவர் பிறந்தது 1917-இல். அந்த ஆண்டின் பெருமையை உங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை! ஊர், அமெரிக்காவின் தென் பகுதியில் அலபாமா மாநிலத்தில் ஸ்னோ ஹில். கரிசல் பூமி, பருத்தி விளையும் பூமி. அடிமைமுறை ஒழிந்து ஐம்பது வருஷம் கழிந்திருந்தது. ஆனாலும் நிலம் வெள்ளைக்காரனுடையது, பருத்தி எடுக்கும் கை கறுப்பனுடையது. விளைச்சலில் வாரம் பிரித்துக் கணக்குப் பார்த்தால் உழுதவன் கடனாளியாகவே வெளியே வருவான். பள்ளிக்கூடம் தனி, ரயில் பெட்டி தனி, குடிதண்ணீர்க் குழாய் தனி. 'வெள்ளையர்', 'நிறத்தவர்' என்று இரண்டு பலகை. இது சட்டம்! இந்தப் பலகைகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இவற்றுக்குத் திரும்பி வருவோம்.

அங்கிருந்து படித்து மேலே வந்தார். 1939-இல் ஆசிரியர் கல்லூரிப் பட்டம். பள்ளிப் பிள்ளைகளுக்குத் தச்சுவேலை போன்ற கைத்தொழில் கற்றுக் கொடுத்தார். இரண்டாம் உலக யுத்தத்தில் கடற்படையின் கட்டுமானப் பிரிவில் வேலை. திரும்பி வந்து 1948-இல் சமூக சேவைப் படிப்பில் மேல்பட்டம். அதற்குப் பிறகு லாஸ் ஏஞ்சல்ஸ் பட்டணத்துக்குக் குடிபெயர்ந்து, அங்கே ஒரு கலைப்பள்ளியில் சேர்ந்து, 1956-இல் ஓவியச் சிற்பப் பட்டம் வாங்கினார். அப்போது வயது முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது. சுத்தியலும் ரம்பமும் பிடித்த கை, ஏழைகளின் வீட்டு நிலைமை தெரிந்த மனசு, இவை இரண்டும் முதலில் வந்தன. கலைப் பட்டம் அதற்கு அப்புறம்தான் வந்தது.

லாஸ் ஏஞ்சல்ஸ் என்றால் நமக்கு ஹாலிவுட் சினிமா ஞாபகம் வரும். அதே பட்டணத்தின் தென் பகுதியில் வாட்ஸ் என்று ஒரு பேட்டை. பருத்திக் காட்டிலிருந்து பிழைப்புத் தேடி வந்த கறுப்பின மக்கள் அங்கே நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்தார்கள். வேறு பேட்டையில் வீடு வாங்க முடியாது, வாடகைக்கும் விடமாட்டார்கள். வீடு விற்பதில் நிறபேதம் கூடாது என்று 1963-இல் கலிபோர்னியா மாநிலம் ஒரு சட்டம் போட்டது. அடுத்த வருஷமே, 1964 நவம்பரில், அந்தச் சட்டம் வேண்டாம் என்று மாநிலத்து வாக்காளர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஓட்டுப் போட்டுத் தள்ளிவிட்டார்கள். வாட்ஸில் வேலையில்லாத் திண்டாட்டம் அதிகம். நோய் வந்தால் போக அருகில் பெரிய ஆஸ்பத்திரி கிடையாது. ஆஸ்பத்திரி 1972-இல்தான் வந்தது. அது எதற்குப் பிறகு வந்தது என்பதைச் சொல்லத்தான் போகிறோம்.

அதற்கு முன்னால் இன்னொரு மனிதரைப் பற்றி நாலு வார்த்தை சொல்லாமல் போக முடியாது. சைமன் ரோடியா. இத்தாலி தேசத்திலிருந்து பிழைக்க வந்த கட்டடத் தொழிலாளி, ஓடு பதிப்பவர். எழுத்துவாசனை அதிகம் இல்லாதவர். வாட்ஸில் தமக்கிருந்த சிறு மனைக்கட்டில், வேலை முடிந்து வந்த மாலைகளிலும் விடுமுறை நாட்களிலும், 1921 முதல் 1954 வரை தனி ஆளாக அவர் கோபுரங்கள் எழுப்பினார். சாரம் கிடையாது, எஞ்சினியர் கிடையாது, பற்றவைப்பு கிடையாது. இரும்புக் கம்பியை வளைத்து, வலை சுற்றி, சிமெண்டுச் சாந்து பூசி, அது காயுமுன் உடைந்த ஓட்டுச் சில்லு, பாட்டில் கண்ணாடி, சிப்பி, பீங்கான் துண்டு எல்லாவற்றையும் பதித்தார். உயர்ந்த கோபுரம் கிட்டத்தட்ட நூறு அடி! "எங்கள் ஊர்" என்று அதற்கு ஸ்பானிய மொழியில் பெயர் வைத்தார். முடிந்ததும் மனையை அண்டை வீட்டாரிடம் கொடுத்துவிட்டு ஊரை விட்டுப் போய்விட்டார்.

நகரசபை என்ன செய்தது? ஆபத்தான கட்டடம், இடித்துத் தள்ளு என்று உத்தரவு போட்டது. கலைஞர்களும் பொதுமக்களும் எதிர்த்தார்கள். 1959-இல் கோபுரத்தில் கம்பிவடம் கட்டிப் பத்தாயிரம் பவுண்டு, அதாவது சுமார் நாலரை டன் விசை கொடுத்து இழுத்துப் பார்த்தார்கள். கோபுரம் விழவில்லை, இழுத்த சாதனம்தான் வளைந்தது! ஒரு கட்டடத் தொழிலாளியின் கைக்கணக்கு சர்க்கார் எஞ்சினியர்களின் சந்தேகத்தை ஜெயித்தது. நமக்கு இதைச் சொல்வதில் ஒரு தனி சந்தோஷம் இருக்கிறது, மறைப்பானேன்?

அந்தக் கோபுரங்களின் அடியில்தான் 1964-இல் ப்யூரிஃபாயும் நண்பர்களும் ஒரு கலைப்பள்ளியைத் தொடங்கினார்கள். அவரே முதல் இயக்குநர். பேட்டையின் பிள்ளைகளைக் கூட்டி வைத்து, கையில் கிடைப்பதைக் கொண்டு செய்யக் கற்றுக் கொடுத்தார்கள். படம் போடக் கற்றுக்கொள்ள வந்த பையன் தான் யார், தன் பேட்டை என்ன என்று யோசிக்கவும் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது அவர் எண்ணம்.

ஒரு வருஷம் ஆயிற்று. 1965 ஆகஸ்ட் 11 மாலை. காரில் வந்த ஒரு கறுப்பின வாலிபனைக் குடித்துவிட்டு ஓட்டினான் என்று போலீஸார் நிறுத்தினார்கள். கைகலப்பு ஏற்பட்டது. ஓடி வந்த தாயையும் கைது செய்தார்கள். கூடியிருந்த ஜனம் கொதித்தது. அந்தக் கொதிப்பு ஆறு நாள் ஓயவில்லை. கடைகள் எரிந்தன, தெருத்தெருவாக எரிந்தன. துப்பாக்கியுடன் படையினர் ஆயிரக்கணக்கில் இறக்கப்பட்டார்கள். செத்தவர்கள் 34 பேர், பெரும்பாலோர் கறுப்பினத்தவர். காயம் பட்டவர்கள் ஆயிரத்துக்கு மேல். கைதானவர்கள் மூவாயிரத்துக்கும் அதிகம். நஷ்டம் நாலு கோடி டாலர் என்று கணக்குச் சொன்னார்கள். டாலர் நஷ்டத்துக்குக் கணக்கு உடனே வந்தது. வேலையும் வீடும் இல்லாமல் அந்த மக்கள் அதுவரை பட்ட நஷ்டத்துக்கு யாரும் கணக்கெடுத்ததில்லை. ரோடியாவின் கோபுரங்களை மட்டும் ஒருவரும் தொடவில்லை. அவை அப்படியே நின்றன.

ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுவோம். தீ வைப்பதைப் போராட்டம் என்று நாம் சொல்லவில்லை. சங்கமும் தலைமையும் இல்லாத கோபம் தன் வீட்டுக் கூரையையும் சேர்த்தே எரித்துவிடும் என்பது நமக்குத் தெரியும். ஆனால் எரித்தவனைக் காட்டுமிராண்டி என்று மறுநாள் காலைப் பத்திரிகையில் எழுதினார்களே, அவர்களோடு சேர்ந்து கையெழுத்துப் போடவும் நாம் தயாராக இல்லை.

ப்யூரிஃபாய் என்ன செய்தார்? தீ அணைந்து புகைந்துகொண்டிருந்த தெருக்களில், ஜட்சன் பவல் என்ற தோழருடன் இறங்கிப் பொறுக்கத் தொடங்கினார். கரிந்த உத்திரம், பெயர்ந்த காரைக்கட்டி, முறுக்கிக்கொண்ட இரும்பு. கடைகளின் நியான் விளக்குப் பலகைகள் தீயில் உருகிச் சொட்டி, சிதிலங்களோடு கலந்து இறுகிக் கிடந்தன. அவற்றையும் எடுத்தார்கள். மொத்தம் மூன்று டன் சேர்ந்தது. இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அப்போது அவர்களுக்கே தெரியாது. வேறு சில கலைஞர்களும், கறுப்பரும் வெள்ளையருமாக, வந்து சேர்ந்தார்கள். 1966-இல் 66 சிற்பங்கள் தயாராயின. 'நியானின் 66 அடையாளங்கள்' என்று பெயர் வைத்தார்கள். முதலில் எங்கே காட்சிக்கு வைத்தார்கள் தெரியுமா? பணக்காரப் பேட்டையின் காட்சிக்கூடத்தில் அல்ல, வாட்ஸிலேயே ஒரு பள்ளிக்கூடத்தில். எரிந்த தெருவின் ஜனங்கள், எரிந்த தெருவின் துண்டுகளைப் பார்க்க வந்தார்கள்.

இப்போது நம் கேள்விக்கு வருவோம். அந்தச் சிற்பங்களில் பல எந்த மனித உருவத்தையும் காட்டுவதில்லை. 'வாட்ஸ் கலவரம்' என்ற ஒரு படைப்பு கரிந்த மரமும் காரையும் பலகையில் பொருத்தியது, அவ்வளவுதான். போலீஸ்காரன் இல்லை, தடி இல்லை, ரத்தம் இல்லை. "இதில் என்ன புரிகிறது?" என்று கேட்பார்கள்.

நம் வீட்டுப் பெண்கள் விடியற்காலையில் வாசலில் புள்ளிக் கோலம் போடுகிறார்கள். இது யாருடைய முகம் என்று நாம் கேட்கிறோமா? நெசவாளி சேலைக் கரையில் கட்டம் போடுகிறான். இது எந்த மிருகம் என்று கேட்கிறோமா? கோடும் கட்டமும் நிறமும் ஒன்றோடொன்று எப்படிச் சேர்ந்து நிற்கின்றன என்பதைக் கண் தானே பார்த்துக்கொள்கிறது. உருவமில்லாக் கலை அமெரிக்கப் பணக்காரன் கண்டுபிடித்ததல்ல. சோவியத் நாட்டில் டாட்லின் என்ற கலைஞர், புரட்சிக்கு முன்பே தகரத்தையும் மரத்தையும் கம்பியையும் சேர்த்து உருவமற்ற சிற்பம் செய்தவர், புரட்சிக்குப் பின் 1920-இல் மூன்றாம் அகிலத்துக்கு ஒரு நினைவுக் கோபுரத்துக்கான மாதிரியைச் செய்தார். சீரழிவு என்று தீர்ப்புச் சொல்லும் தோழர்கள் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளட்டும்.

ப்யூரிஃபாயின் விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. கோலமாவு வெறும் மாவு. ஆனால் கரிந்த உத்திரம் வெறும் மரம் அல்ல, அது ஏற்கெனவே ஒன்றைப் பார்த்துவிட்டது. அதை வைத்துக் கலவரத்தைப் படமாக வரைய வேண்டிய அவசியமே இல்லை. சாட்சியையே கொண்டு வந்து கூண்டில் நிறுத்திவிட்டார். சாட்சி எப்படி நிற்க வேண்டும், எதற்குப் பக்கத்தில் எது வர வேண்டும் என்பதை மட்டும் அவர் ஒழுங்கு செய்தார். அந்த ஒழுங்கில்தான் அவருடைய உழைப்பு இருக்கிறது. குப்பைமேட்டுக்கும் சிற்பத்துக்கும் உள்ள வித்தியாசம் அங்கேதான். பஞ்சு மூட்டைக்கும் நூல் கண்டுக்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்குத் தெரியாததா?

அந்தக் கண்காட்சி சில வருஷங்கள் ஊர் ஊராகச் சுற்றியது. பல்கலைக்கழகங்களுக்குப் போயிற்று. 1969-இல் நின்றது. 66-இல் பெரும்பாலானவை இன்று இல்லை. உடைந்தும் சிதறியும் மறுபடி குப்பைக்கே போய்விட்டன. 'வாட்ஸ் கலவரம்' பிழைத்தது. அது லாஸ் ஏஞ்சல்ஸில் கறுப்பின மக்களுக்கான அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

1971-இல் அவர் செய்த ஒரு காரியம் நமக்கு மிகவும் பிடித்தது. ஒரு காட்சிக்கூடத்துக்குள், ஒரே அறையில் ஒரு கறுப்பினக் குடும்பம் முழுதும் நெருக்கிக்கொண்டு படுத்திருக்கும் குடித்தனத்தை அப்படியே கட்டி வைத்தார். அழுகிய சாப்பாட்டின் நாற்றத்தையும் விடவில்லை. நல்ல உடுப்பு உடுத்தி, படம் பார்க்க வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டியதாயிற்று. வறுமையைச் சட்டம் போட்டு மாட்டிய படமாகப் பார்க்கலாம், ரசிக்கலாம், வாங்கிப் போகலாம். நாற்றத்தை என்ன செய்வது?

அதன் பிறகு அவர் நெடுங்காலம் சிற்பத்தை ஏறக்கட்டி வைத்தார். ஒரு கலைப்பொருள் தன்னளவில் பெரிய விஷயமல்ல, அது மனிதர்களில் மாற்றத்தை உண்டாக்கினால்தான் மதிப்பு என்பது அவர் கொள்கை. அதன்படியே, 1976 முதல் 1987 வரை கலிபோர்னியாவின் கலைக் கவுன்சிலில் இருந்து, சிறைச்சாலைகளுக்குள்ளும் பள்ளிகளுக்குள்ளும் கலையைக் கொண்டு போகும் வேலையில் இறங்கினார். கைதியின் கையில் தூரிகையைக் கொடுத்தார்கள். மாநில சர்க்கார் வேலையில் பதினோரு வருஷம் என்றதும் சிலர் உதட்டைப் பிதுக்கலாம். நாம் பிதுக்கவில்லை. ஆனால் வாட்ஸில் தெருவில் இறங்கிப் பொறுக்கிய அந்த மனிதர் கமிட்டி மேஜையில் உட்கார்ந்திருந்த காலத்தில், செய்திருக்க வேண்டிய சிற்பங்கள் செய்யப்படாமலே போயின என்ற குறை நமக்கு உண்டு.

ஓய்வு பெற்ற பிறகு, 1989-இல், எழுபத்திரண்டாவது வயதில், மறுபடி சுத்தியலை எடுத்தார். ஆனால் லாஸ் ஏஞ்சல்ஸில் இடம் ஏது? வாடகை கொடுத்துப் பட்டறை வைக்கக் கட்டாது. கிழக்கே சுமார் 200 கிலோமீட்டர் தூரத்தில், மொஹாவி பாலைவனத்தில், ஜோஷுவா ட்ரீ என்ற இடத்தில் ஒரு நண்பரின் நிலம் கிடைத்தது. வெறும் மணல், முட்செடி, கோடையில் கொளுத்தும் வெயில், மாரியில் உறைய வைக்கும் குளிர். அங்கே ஒரு வண்டி வீட்டில் குடியிருந்துகொண்டு, கிழவர் பதினைந்து வருஷம் உழைத்தார். பத்து ஏக்கர் நிலத்தில் நூற்றுக்கு மேற்பட்ட படைப்புகள்! பெரும்பாலும் திறந்தவெளியில் நிற்பவை.

வாக்குவம் கிளீனரும் சக்கரங்களும் சேர்ந்த ஒரு ரயில், துண்டுத் தண்டவாளத்தில் எங்கும் போகாமல் நிற்கிறது. 65 அலுமினியச் சாப்பாட்டுத் தட்டுகளைக் கொண்டு செய்தது ஒன்று. தட்டுகள், வரிசைகள், வெயில், வேறொன்றும் இல்லை. சிறைக்குப் போய் வந்த தோழர்களுக்கு அந்த மாதிரித் தட்டைத் தெரியும். சோற்றுக்காக வரிசையில் நின்ற ஞாபகம் வருகிறதா இல்லையா?

முன்னே சொன்ன இரண்டு பலகைகளும் அங்கேதான் இருக்கின்றன. ஒரு பக்கம் 'வெள்ளையர்' என்று பலகை, அதன் கீழே நல்ல குடிதண்ணீர்ச் சாதனம். இன்னொரு பக்கம் 'நிறத்தவர்' என்று பலகை, அதன் கீழே கக்கூஸ் பீங்கான். அதிலிருந்துதான் குடிக்க வேண்டும்! இதை விளக்கப் பெரிய கலை விமர்சகர்கள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். டீக்கடையில் தனிக் குவளையில் குடித்து, அதைத் தானே கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்த விவசாயத் தொழிலாளிக்கு ஒரு வரி விளக்கமும் தேவையில்லை.

இங்கே ஒரு சுவையான சங்கதி. ப்யூரிஃபாய் பிறந்த அதே 1917-இல், பிரெஞ்சுக்காரரான மார்செல் டூஷாம் என்பவர் நியூயார்க்கில் மூத்திரப் பீங்கான் ஒன்றைக் கடையில் வாங்கி, கையெழுத்திட்டு, 'நீரூற்று' என்று பெயர் வைத்துக் கண்காட்சிக்கு அனுப்பினார். கலை என்றால் என்ன என்று பண்டிதர்கள் நூறு வருஷமாக அதை வைத்து வாதாடுகிறார்கள். ப்யூரிஃபாய் டூஷாமை மதித்தவர், அவரிடம் கற்றவர். ஆனால் அதே பீங்கான் அலபாமாக்காரர் கையில் வந்ததும் வாதம் மாறிவிட்டது பாருங்கள். எது கலை என்ற கேள்வி போய், யார் மனிதன் என்ற கேள்வி வந்துவிட்டது.

பாலைவனத்தில் அவருக்கு ஒரு கூட்டாளி இருந்தது. அது இயற்கை. வெயில் பெயிண்டை உரித்தது, காற்று தகரத்தை வளைத்தது, மரம் வெடித்தது, துணி நைந்தது. அவர் தடுக்கவில்லை. அதுவும் வேலையில் ஒரு பங்கு என்று விட்டுவிட்டார். இதிலே ஒரு சிக்கல் உண்டு. அப்படியே விட்டால் ஒருநாள் எல்லாம் மணலோடு மணலாகும். காப்பாற்றக் கிளம்பினால் அவர் விரும்பாத காரியமாகும். இப்போது அந்த நிலத்தைப் பராமரிக்கிற அறக்கட்டளைக்கு இது தீராத தலைவலி. நம் அபிப்பிராயத்தைக் கேட்டால், அந்தக் கிழவர் சொன்னதைச் சற்று மீறியாவது ஆணியை இறுக்கத்தான் வேண்டும். எஜமானர்களின் சிலைகளை அவர்கள் பளிங்கிலும் பித்தளையிலும் செய்து பத்திரமாக வைத்திருக்கிறார்கள். அடிபட்டவனின் சாட்சி மட்டும் காற்றோடு போகட்டும் என்று விட நமக்கு மனசு வரவில்லை.

பாலைவனத்துக்குப் போனதைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் துறவியாகப் போகவில்லை. வாடகைதான் அனுப்பி வைத்தது. அதன் பலன், வாட்ஸில் வாழும் தொழிலாளி தன் கதையைப் பார்க்க 200 கிலோமீட்டர் போக வேண்டியிருக்கிறது. 2004 மார்ச்சில், தம் வீட்டில் பிடித்த தீயில் ப்யூரிஃபாய் மாண்டார். வயது 86. பதினோரு வருஷம் கழித்து, 2015-இல், வாட்ஸ் எரிந்து ஐம்பதாவது வருஷத்தில், லாஸ் ஏஞ்சல்ஸின் பெரிய அருங்காட்சியகம் பாலைவனத்திலிருந்து சில படைப்புகளைப் பெயர்த்துக் கொண்டு வந்து விமரிசையாகக் கண்காட்சி நடத்தியது. உயிரோடு இருந்த கலைஞனுக்கு ஒரு பட்டறைக்கு இடம் இல்லாத பட்டணம் அது!

அந்தப் பாலைவன நிலத்துக்கு இன்றும் டிக்கெட் கிடையாது. யாரும் போகலாம், சிற்பங்களுக்கு நடுவே நடக்கலாம். நாம் போவது எங்கே! ஆகவே அவற்றின் படங்களை அச்சடித்துப் பின்சுவரில் ஒட்டியிருக்கிறோம். தட்டுச் சிற்பம் இடது ஓரத்தில் இருக்கிறது. இரண்டு பலகைகள் நடுவில். இரவு ஷிப்டுக்குப் போகிற தோழர்கள் முதலில் பார்த்துவிட்டுக் கிளம்பட்டும், மற்றவர்கள் கொஞ்சம் வழிவிடுங்கள்.